பிரமிளா வீட்டைப் பார்த்த விமானங்கள்

எங்கள் ஊர் சாரமட்டத்து விமானங்கள் எல்லாம் ஒரே வீட்டைப் பார்த்து மூக்கைத் திருப்பிக்கொண்ட அன்று காலையில் நான் முதலில் சந்தேகப்பட்டது ஜன்னலை, அடுத்தது எலியை, அதற்கும் அடுத்தது என் வீட்டுக்காரரை. ஜன்னல் சாத்தியிருந்தது. எலி எங்கள் வீட்டுக்குள் வராது. மிச்சம் இருந்தவர் பாத்ரூமில் பாட்டுப் பாடிக்கொண்டு குளித்துக்கொண்டிருந்தார். மார்கழி மாசத்து மலைக்குளிரில் பாட்டுப் பாடிக்கொண்டு குளிக்கிற ஆம்பளையை நம்பலாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

விமானம் என்றால் ஆள் ஏறிப் போகிற விமானம் இல்லை, பிளாஸ்டிக் விமானம். எங்கள் ஊரில் வருஷத்தில் பாதி நாள் மழை, மீதியில் பாதி மேகம். மேகம் என்றால் வானத்தோடு நிற்கிற மேகம் இல்லை, கதவைத் திறந்தால் கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்துகொள்கிற மேகம். அப்படிப்பட்ட ஊரில் ஆம்பளைகள் ஒன்று குடிப்பார்கள், இல்லாவிட்டால் எதையாவது ஒட்டிக்கொண்டிருப்பார்கள், எங்கள் ஊர் ஆம்பளைகள் ஒட்டினார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பேன்சி ஸ்டோர் வைத்திருந்த காஜா பாய்க்கு, இவர்களெல்லாம் டவுசர் போட்டுத் திரிந்த காலத்தில், ஒரு தடவை ஸ்கூல் பை கேட்டதற்குப் பதிலாக ஒரு மூட்டை அட்டைப்பெட்டி வந்து சேர்ந்தது. பெட்டியின் மேலே நெருப்பைக் கக்கிக்கொண்டு பாய்கிற சண்டை விமானத்தின் படம், உள்ளே ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் காய்த்துத் தொங்குகிற சாம்பல் நிறத் துண்டுகள். திருப்பி அனுப்பச் சோம்பல்பட்டு அவர் அதைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்தார். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

வளர்ந்த பிறகும் விடவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஆனால் விமானச் சங்கம் எங்கள் வீட்டு ஹாலில் கூடும். டிராயிங் வாத்தியார் ஜெயசீலன் தலைவர், என் வீட்டுக்காரர் மருதாசலம் செயலாளர், கம்பவுண்டர் தேவநேசன் பொருளாளர், மற்றவர்கள் உறுப்பினர்கள். பழைய பேப்பரை விரித்து, பிளேடால் துண்டுகளை வெட்டி எடுத்து, உப்புத்தாளால் ஓரத்தைத் தேய்த்து, பசை தடவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்துவார்கள். இறக்கையில் ஒட்டுகிற சின்னங்களை என் ரசக் கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். பிரஷ்ஷைக் கழுவுகிற நினைப்பில் டீயில் முக்குவார்கள், டீ என்று நினைத்துப் பிரஷ் கழுவின தண்ணீரைக் குடிப்பார்கள், குடித்துவிட்டு "டீ நல்லா இருக்குங்க்கா" என்று என்னிடமே சொல்வார்கள்.

கை வேலை செய்யும்போது வாய் சின்ன வயசுக்குப் போய்விடும். கம்பவுண்டர் காய்ச்சலில் படுத்துக்கொண்டே இறக்கையை ஒட்டி, அது தலையணை உறையோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டு, அவருடைய அம்மா அந்த உறையை இறக்கையோடு துவைத்துக் காயப்போட்ட கதை. வாத்தியார் பெயிண்ட் கிடைக்காமல் அக்காவின் நெயில் பாலிஷை எடுத்துப் பூச, பூசின இடமெல்லாம் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரிப் பொரிந்துபோன கதை. என் வீட்டுக்காரர் தீபாவளியன்று தன் முதல் விமானத்தின் வாலில் ஊசிவெடி கட்டி மாடியிலிருந்து பறக்கவிட்டு, அது பறந்த அந்தக் கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு மீதி நாள் முழுக்க அழுத கதை. ஒவ்வொரு ஞாயிறும் இதே கதைகளைத்தான் சொல்வார்கள், ஒவ்வொரு ஞாயிறும் புதுசாகக் கேட்கிற மாதிரிச் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும். சமையல்கட்டில் நின்று சிரித்துக்கொள்வேன்.

சங்கத்துக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு, வாத்தியார் போட்டது. "நம்ம பிளேனெல்லாம் பறக்கற பிளேன். பறக்கறதுக்கு எதுக்குய்யா சக்கரம்?" ஆகவே எல்லோரும் சக்கரம் வைக்கிற குழியை மூடி ஒட்டிவிட்டு, சக்கரங்களைச் சட்டத்திலிருந்து வெட்டக்கூட வெட்டாமல் அப்படியே குப்பையில் போடுவார்கள். விமானத்தை நூலில் கட்டி உத்தரத்தில் தொங்கவிடுவார்கள். ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் தலைக்கு மேலே விமானம் பறந்துகொண்டிருக்கும்.

எங்கள் ஹாலுக்கு நடுவில் தொங்கியது மட்டும் நான் செய்தது. கல்யாணமான வருஷம், மழை பிடித்துக்கொண்ட ஒரு பகலில், பேங்குக்குப் போனவர் வருவதற்குள் பெட்டியைப் பிரித்துப் படத்தைப் பார்த்துப் பார்த்து நானே ஒட்டினேன். நட்சத்திரச் சின்னம் தலைகீழாகப் போய்விட்டது, ஈரப் பசையில் என் கட்டைவிரல் பட்டு பைலட் உட்காருகிற கண்ணாடி மூடியில் ரேகை உருகிப் பதிந்துவிட்டது, சங்கத்துச் சட்டம் தெரியாததால் சக்கரங்களையும் இறக்கி ஒட்டிவிட்டேன். அவர் வந்து, குடையை மடக்காமலே நின்று பார்த்தார். "சக்கரத்தை எறக்கி ஒட்டிட்டயே மணி" என்றார். என் பெயர் வசந்தாமணி. பிறகு தன் விமானத்தைக் கழற்றிவிட்டு நடுக்கொக்கியில் என்னுடையதை மாட்டினார். சங்கத்துக்காரர்கள்தான் வருகிறபோதெல்லாம் அண்ணாந்து பார்த்து, "செயலாளர் ஊட்டுக் கொக்கு காலை நீட்டிட்டுப் பறக்குது பாருங்க" என்று கேலி செய்வார்கள். இவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். திரும்பினது எங்கள் வீட்டு விமானங்கள் மட்டும் இல்லை. வாத்தியார் வீட்டில், கம்பவுண்டர் வீட்டில், முடி வெட்டுகிற கடையில், காஜா பாயின் கண்ணாடி அலமாரியில், எங்கே எங்கே தொங்கியதோ அங்கெல்லாம் திரும்பியிருந்தன. கையால் திருப்பிவிட்டால் கை எடுத்ததும் பழையபடி திரும்பின. மாதா கோயிலில் ஒரு வாரம் ஜெபம் நடந்தது, மாரியம்மன் கோயிலில் ஒரு வாரம் அபிஷேகம் நடந்தது, விமானங்கள் இரண்டுக்கும் அசையவில்லை.

எதுவும் கொஞ்ச நாள்தான். பிறகு ஊர் பழகிக்கொண்டது. மேகம் இறங்கி முழங்கை தெரியாத நாளில் ஆட்கள் ஒரு விமானத்தை நூலில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள், மூக்கு எந்தப் பக்கம் என்று பார்த்து வீட்டு வழியைக் கணக்குப் பண்ணிக்கொண்டார்கள். டாக்சிக்காரர்கள் பிள்ளையார் பக்கத்தில் ஒன்று தொங்கவிட்டார்கள். வீட்டுத் தரகர்கள், விமானத்தின் வால் பூஜை அறையைப் பார்க்கிற வீட்டுக்கு யோகம் என்று கிளப்பிவிட்டார்கள், அதையும் கேட்டுக்கொண்டு வீடு மாறினவர்கள் உண்டு. ஆனால் விமானங்கள் எதைப் பார்க்கின்றன என்று மட்டும் யாரும் கேட்கவில்லை, நான் கேட்கிறவரைக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் நடுவில் ஊர் வரைபடத்தை விரித்துப் போட்டேன். அவரவர் வீட்டில் ஊசி குத்தி, மூக்கு காட்டுகிற பக்கமாக நூலை இழுக்கச் சொன்னேன். நூல் கட்டுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. எல்லா நூலும் பேக்கரி மேட்டில் ஒரு புள்ளியில் போய்ச் சேர்ந்தன, அந்தப் புள்ளியில் ஒரே ஒரு வீடுதான் இருந்தது.

"அது அந்த பஸ் ஸ்டாண்ட் பொம்பள வீடாச்சே" என்றார் கம்பவுண்டர்.

பிரமிளா எங்கள் ஊருக்கு வந்து இரண்டு மூன்று வருஷம்தான் இருக்கும். பஸ் ஸ்டாண்டில் மைக் பிடிக்கிற வேலை. 'மேட்டுப்பாளையம் செல்லும் பேருந்து இரண்டாவது தடத்தில் வந்து நிற்கும்' என்று ஊருக்கே கேட்கிற அந்தக் குரலை எல்லோருக்கும் தெரியும், ஆளைத்தான் யாருக்கும் தெரியாது. தனியாக இருந்தாள், யார் வீட்டுக்கும் போகவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. அது ஒன்று போதாதா. அவள் காஜா பாய் கடையில் பெட்டி வாங்கினதே இல்லை என்றார்கள். அப்படியானால் விமானத்தோடு அவளுக்கு என்ன சம்பந்தம் என்றார்கள். சங்கத்து ஆட்களின் வீட்டுக் குப்பைத்தொட்டியில் அவள் கையை விட்டுத் துழாவினதைப் பால்காரர் பார்த்திருந்தார். காந்தம் வைத்திருக்கிறாள் என்றார் வாத்தியார். மை வைத்திருக்கிறாள் என்றார் கம்பவுண்டர். அவளுக்கு வீட்டை வாடகைக்கு விட்டவரிடம் சொல்லிக் காலி பண்ண வைத்துவிடலாம் என்று பேச்சு வந்தது.

என் வீட்டுக்காரர் மட்டும் குனிந்து நூல்களைப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. பேங்க் முடிந்து நேராக வருகிற மனுஷன் சுற்றி வர ஆரம்பித்தார். செருப்பில் செம்மண். எங்கள் தெருவில் செம்மண் கிடையாது, பேங்க் தெருவில் கிடையாது, பேக்கரி மேட்டில் உண்டு. கேட்டால் "சும்மா ஒரு நடை மணி" என்பார். முப்பது வயசில் நடக்காத மனுஷனுக்கு ரிட்டயர் ஆகிற வயசில் நடையாம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனால் மைக் சத்தம் வருகிற திசையில் அவர் தலை தானாகத் திரும்பியது, எங்கள் வீட்டு விமானங்கள் திரும்பின மாதிரியே.

பிறகு ஒரு நாள் காய்கறி வாங்கிக்கொண்டு வந்து நிமிர்ந்து பார்க்கிறேன், நடுக்கொக்கியில் நூல் மட்டும் தொங்குகிறது. நைந்து அறுந்த வெள்ளை நூல். என் விமானம் இல்லை.

"ஏனுங்க, நடுவுல இருந்த பிளேன் எங்கெ?"

"நூல் அறுந்திருச்சாட்ட இருக்குது."

"அறுந்தா கீழதான விழோணும்? கீழ எங்கெ?"

"எங்காச்சும் கெடக்கும் மணி, தேடிக்கலாம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சோபாவுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், பரண்மேல் எல்லாம் தேடினேன். ஒரு விமானத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். அரிசி மூட்டையை நகர்த்தும்போதுதான் அழுதுகொண்டிருப்பது தெரிந்தது. இன்னொருத்தி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க அந்த மனுஷனுக்கு வேறு விமானமா கிடைக்கவில்லை? அவர் செய்தது எத்தனை இருந்தது! என் கட்டைவிரல் பதிந்ததைத்தானா கொடுக்க வேண்டும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடுகிற நேரத்துக்குச் செயலாளர் வீட்டில் இல்லை. வந்தவர்களுக்கு டீ போட்டு வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு பேக்கரி மேட்டுக்கு ஏறினேன். மேகம் இறங்கியிருந்தது. வழி தெரியாமல் போய்விடுமோ என்று பயப்படவில்லை, இவருடைய விமானம் ஒன்றை நூலில் பிடித்திருந்தேன், அது நாய்க்குட்டி மாதிரி முன்னால் இழுத்துக்கொண்டு போனது. கொண்டுபோய் விட்ட வாசலில் இவருடைய செருப்பு கிடந்தது.

கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. நான் தட்டவில்லை.

உள்ளே இவர் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கத்துச் சுவரோரம் நாற்காலியில் பிரமிளா. இரண்டு பேருக்கும் நடுவில், சுவருக்குச் சுவர், ஒரு விமான நிலையம்.

பொய் சொல்லவில்லை. சிமெண்டுத் தரையில் கரும்பலகைப் பெயிண்ட் அடித்து ஓடுபாதை, நடுவில் வெள்ளைக் கோடு, ஓரத்தில் கோபுரம், கோபுரத்துக்கு ஏணி, வேலி, கொட்டகை, கொட்டகைக்குக் கதவு. எல்லாம் சாம்பல் நிறப் பிளாஸ்டிக். குனிந்து பார்த்தேன். எங்கள் சங்கத்துக்காரர்கள் துண்டுகளை வெட்டிக்கொண்டு குப்பையில் போட்ட அந்தச் சட்டங்கள்தான், குச்சி குச்சியாக வெட்டி ஒட்டியிருந்தாள். ஓடுபாதையின் இரண்டு பக்கமும் விளக்கு வைக்கிற மாதிரி வரிசையாகச் சின்னச் சின்னச் சக்கரங்கள் நட்டிருந்தன. ஊர் வருஷக்கணக்காகத் தூக்கியெறிந்த சக்கரங்கள். ஓடுபாதையின் கோடியில், கண்ணாடி மூடியில் ரேகையோடு, தலைகீழ் நட்சத்திரத்தோடு, என் விமானம் நின்றது.

"மணி" என்றார் இவர். எழுந்திருக்கக்கூட இல்லை.

"நீங்க பேசாதீங்க. ஏம்மா, எம் பிளேன் எதுக்கு உன் ஊட்டுல இருக்குது?"

பிரமிளா எழுந்து நின்றாள். மைக்கில் கேட்கிற குரல் பெரிசு, ஆள் சின்னது. "அது உங்களதுங்களாக்கா? தானா வந்துச்சுங்க்கா. அந்த வென்டிலேட்டர் வழியா. சார் அதைத் தேடிட்டுப் பின்னாடியே வந்தாருங்க. நான் எடுத்துட்டுப் போங்கன்னுதான் சொன்னேன்."

"நீ எதுக்கு இதெல்லாம் கட்டி வெச்சிருக்க?"

"நாள் பூரா வண்டி எங்க வந்து நிக்கணும்னு சொல்ற வேலைங்க்கா எனக்கு. இந்த ஊருக்கு வந்து எந்தக் கடைக்குள்ள போனாலும் தலைக்கு மேல பிளேனா தொங்குது. ஒண்ணாச்சும் எறங்கணும்ல? எங்க எறங்கும்னு யோசிச்சுட்டே இருந்தேன். வேற வேலையும் இல்லீங்க, பேசறதுக்கு ஆளும் இல்லீங்க."

நான் நம்பவில்லை. நம்பாதது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவள் குனிந்து என் விமானத்தை லேசாகத் தள்ளிவிட்டாள். அது கரும்பலகைப் பாதையில் ஓடியது, ஓடி எழும்பியது, வென்டிலேட்டர் வழியாக மேகத்துக்குள் போய்விட்டது. பிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பஸ் ஸ்டாண்ட் குரலை வீட்டளவுக்குக் குறைத்துச் சொன்னாள்: "பயணிகளின் கவனத்திற்கு. சாரமட்டத்து விமானம் முதலாவது தடத்தில் வந்து இறங்கும்."

வந்தது. நனைந்து, கொக்கு மாதிரியே காலை நீட்டிக்கொண்டு, வென்டிலேட்டருக்குள் நுழைந்து, ஒரு தடவை துள்ளி, ஓடி, நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. என் கையில் நூலில் இருந்த இவருடைய விமானம் இறங்கத் தவித்துத் தவித்து வட்டமடித்தது. அதற்கு இறங்கக் கால் இல்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று இவரைக் கேட்டேன்.

இவர் ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மொதல்ல இதுகெல்லாம் எதைப் பாக்குதுன்னு தெரிஞ்சுக்கத்தான் இந்த மேட்டைச் சுத்திச் சுத்தி வந்தேன். உன்னோடது இங்க வந்தப்புறம் எடுத்துட்டு வந்தர்லாம்னுதான் ஒவ்வொரு தடவையும் வந்தேன். அது எறங்கறதப் பாத்துட்டே உக்காந்துருவேன். எத்தன வருசமா ஒட்டறோம் மணி, எங்க யாரோடதும் எறங்காது. நாங்க சிரிச்சோமே, அது மட்டும் எறங்குது. இதை உங்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது?"

அந்த மூஞ்சியைப் பார்த்தேன். பொறாமை. சுத்தமான, கலப்படமில்லாத பொறாமை. வேறொன்றும் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. இருந்தாலும் உடனே காட்டிக்கொள்ளவில்லை.

"எடுத்துக்கறீங்களாக்கா?" என்று பிரமிளா கேட்டாள்.

"எறங்கின எடத்துலயே இருக்கட்டும்" என்றேன். கோபம் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

கீழே போய்ச் சங்கத்தையே கூட்டிக்கொண்டு வந்தேன். காந்தத்தையும் மையையும் தேடி வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். வாத்தியார் கொட்டகையின் கதவைத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார், முழங்காலில் உட்கார்ந்து ஓடுபாதையோரச் சக்கரம் ஒன்றைத் தொட்டார். "இது என்னோடது. பதினாலாம் நம்பர் துண்டு" என்றார். பிறகு ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. "ஒட்டிக்கலாமாம்மா?" என்று அவளைக் கேட்டபோது, சட்டம் போட்ட அந்தக் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

அந்தப் பங்குனி முழுக்கச் சங்கம் பிரமிளா வீட்டில்தான் கூடியது. மூடி ஒட்டின குழிகளை அறுத்துத் திறந்து, ஓடுபாதையோரத்துச் சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒட்டினார்கள். சக்கரம் வைத்ததை நூலிலிருந்து அவிழ்த்துவிட, அது மேகத்துக்குள் ஒரு சுற்று சுற்றி வந்து அவள் கூப்பிட்ட தடத்தில் இறங்கியது. ஊரில் கூரைகள் காலியாகின. மேகத்தில் ஆட்கள் பழையபடி வழி தவறிப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தரகர்கள் வேறு யோகம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். வாத்தியார் ஒன்றை மட்டும் அவிழ்க்காமல் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார் என்று கம்பவுண்டருக்குச் சந்தேகம், கம்பவுண்டர்தான் வைத்திருக்கிறார் என்று வாத்தியாருக்குச் சந்தேகம், இரண்டு பேர் மேலும் எனக்குச் சந்தேகம். பிரமிளா ஞாயிற்றுக்கிழமையானால் எனக்கும் சேர்த்து டீ போட்டாள், அந்த டீயிலும் பிரஷ்ஷை முக்கினார்கள்.

எங்கள் ஹாலில் கொக்கிகள் மட்டும் இருந்தன. அந்த வெறும் கூரையைப் பார்க்கும்போதெல்லாம், எறங்கின எடத்துலயே இருக்கட்டும் என்று சொன்ன என் வாயை நானே திட்டிக்கொள்வேன். ஆனால் கேட்டு வாங்க மாட்டேன். அவராகத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொள்கிற ஆளா அவர் என்பதில் எனக்குப் பலத்த சந்தேகம் இருந்தது.

ஒரு நாள் காலை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் எதற்கோ ஹாலை எட்டிப் பார்த்தேன். நடுக்கொக்கியில், புது நூலில், காலை நீட்டிக்கொண்டு என் விமானம் தொங்கியது. ஜன்னல் சாத்தியிருந்தது. எலி எங்கள் வீட்டுக்குள் வராது.

"ஏனுங்க, இதை ஆரு மாட்டுனது?"

"எதை?" என்றது பாத்ரூமுக்குள்ளிருந்து குரல். "நானில்ல மணி, தானா வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பாட்டை விட்ட இடத்திலிருந்து பிடித்தது.

விமானத்தின் மூக்கு பேக்கரி மேட்டுப் பக்கம் இல்லை. என் பக்கம் இருந்தது. நான் டிவி பக்கம் நகர்ந்தேன், அது டிவி பக்கம் திரும்பியது. சமையல்கட்டு வாசலுக்குப் போனேன், அது சமையல்கட்டைப் பார்த்தது. கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கொஞ்சம் பொறுத்து எட்டிப் பார்த்தேன், கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

கொக்கிக்கு நேர் கீழே ஸ்டூல் கிடந்தது. குனிந்து தடவினேன். ஸ்டூலின்மேல் இரண்டு ஈரக் கால்தடம், இன்னும் காயவில்லை. ஆயுசு முழுக்கச் சந்தேகப்பட்டவள் நான். சந்தேகப்பட்டது சரியாகப் போனதற்காக அழுகிற அளவுக்குச் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.